கொடுத்தது வேறு, விழுங்கியது வேறு

யானைக்கால் மாத்திரை கொடுக்கும் நாட்களில் அம்மாவின் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் எவர்சில்வர் டம்ளரும் கட்டாயம் இருக்கும். மாத்திரையைக் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டும் பழக்கம் அவரிடம் கிடையாது. வாசலில் நின்று, "சாப்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். வெறும் வயிற்றில் போடக்கூடாது. ஆச்சு என்றால் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டுவார். விழுங்கி முடிக்கும் வரை அங்கேயே நிற்பார். அப்புறம்தான் நோட்டில் கோடு.

அந்தக் கோட்டில் இரண்டு வகை வைத்திருந்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டால் பெயருக்கு எதிரே ஒரு சாய்வுக் கோடு. கண்ணெதிரே விழுங்கினால் அதன் குறுக்கே இன்னொன்று, பெருக்கல் குறி மாதிரி. இப்படிப் போடச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "கொடுத்தது வேற, முழுங்குனது வேற. ரெண்டையும் ஒண்ணா எழுதினா நான் யாரை ஏமாத்துறேன்?" என்பார்.

அம்மா கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். கெடிலம் ஆற்றை ஒட்டிய ஊர்களில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தார். நர்ஸம்மா என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள். நான் இப்போது கடலூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. அறம், விழுமியம், தலைமைப் பண்பு என்றெல்லாம் எங்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடக்கும். ஒவ்வொரு முறை அந்த வகுப்பில் உட்காரும்போதும் எனக்கு ஞாபகம் வருவது அம்மாவின் அந்த இரண்டு கோடுகள்தான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

யானைக்கால் நோய் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. கடலூரிலும் பாண்டிச்சேரியிலும் பழைய தெருக்களில் ஒரு காலத்தில் வீங்கிய காலோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவரைப் பார்க்காமல் நடக்க முடியாது. ஆண்களுக்கு விரைவீக்கமாகவும் வரும். அதை வெளியே சொல்லாமல் வேட்டிக்குள் மறைத்தே வாழ்ந்து முடித்தவர்கள் அதிகம். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகுகிற க்யூலெக்ஸ் கொசுதான் இதைப் பரப்புகிறது. பாண்டியில் 1975-லேயே நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதற்கென்று ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் வந்ததை நினைத்துப் பார்த்தால், இந்தக் கடற்கரைக்குக் கொசு எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது என்று புரியும்.

கொசு வழியாக உடம்புக்குள் வரும் ஒரு புழுதான் இந்த நோய்க்குக் காரணம். அந்தப் புழுவின் குட்டிகள் பகலில் ரத்தத்தில் அகப்படுவது அபூர்வம். ராத்திரி ஆனால்தான் தோலை ஒட்டி ஓடும் ரத்தத்துக்கு வரும். அதனால் ரத்தம் எடுக்கும் குழு ஊர் அடங்கும் நேரத்தில்தான் வரும். எட்டாவது படிக்கும்போது அம்மாவோடு நானும் ஒருமுறை போனேன். பாயில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையனின் விரலை அம்மா தன் உள்ளங்கையில் வைத்துப் பிடித்திருக்க, இன்னொருவர் டார்ச் அடிக்க, ஊசி பட்ட இடத்தில் ரத்தம் திரண்டு வந்தது. பையன் சிணுங்கிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கண்ணாடித் துண்டில் அந்த ரத்தத்தை வட்டமாகத் தேய்த்து, எண் எழுதி, காயவைத்தார்கள். அவன் கால் என் கால் மாதிரியே சாதாரணமாக இருந்தது. வரும் வழியில் கேட்டேன், அவனுக்கு ஒன்றும் இல்லையே, ஏன் குத்தினீர்கள் என்று. ஒன்றும் இல்லாத மாதிரி இருப்பவர்களிடம்தான் பார்க்க வேண்டும் என்றார் அம்மா.

திண்ணைகளில் எல்லாரும் கேட்டதும் இதே கேள்விதான். வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டது அப்படியே நினைவில் இருக்கிறது. "நர்ஸம்மா, எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு. நான் எதுக்கு இதைத் திங்கணும்?"

"உன் காலுக்கு இல்லண்ணே. உன் ரத்தத்துல புழு இருந்தா உனக்கே தெரியாது. உன்னைக் கடிச்ச கொசு உன் பேத்தியையும் கடிக்கும். அவ காலுக்குத்தான் நீ திங்கற."

கொசுவின் உடம்பில் புழு வளரவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். ஒரு கடியில் வந்துவிடுகிற நோயும் இல்லை இது. ஆனால் திண்ணையில் நின்று சொல்ல அது போதும். அவர் பேத்தியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். பெரியவர்களுக்கு டி.இ.சி. என்கிற மாத்திரை மூன்று, அதோடு அல்பெண்டசோல் என்கிற பூச்சி மாத்திரை ஒன்று.

தனக்கு நோய் இல்லை என்று நம்புகிறவர், வேறு யாருக்கோ வரக்கூடாது என்பதற்காக மருந்து சாப்பிடுகிறார். பொது சுகாதாரத்தில் பெரும்பகுதி இப்படி அடுத்தவருக்காகச் செய்வதுதான். ஒருவரிடம் அதைக் கேட்க வேண்டுமென்றால் கேட்கிறவரிடம் பொய் இருக்கக்கூடாது. இதில் அம்மாவுக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் ஒரு தகராறே நடந்தது. ரத்தத்தில் புழு உள்ளவர்களுக்கு மாத்திரை போட்டதும் காய்ச்சல், தலைசுற்றல், வாந்தி வரலாம். புழுக்குட்டிகள் சாவதால் வருவது அது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். "இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னால் எவன் சாப்பிடுவான்? கொடுத்துட்டு வந்துடுங்க" என்பது மற்றவர்கள் கட்சி. அம்மா சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். முதல் வருடம் அவர் பகுதியில் நிறையப் பேர் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். சாப்பிட்டவர்களில் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலை அந்த வீடுகளுக்கு எல்லாம் அம்மா போய்வந்தார். அடுத்த வருடம் அதே வீட்டுப் பெண்களே பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "நர்ஸம்மா சொன்ன மாதிரியே வந்துச்சு, போயிடுச்சு. போடுங்கக்கா" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். காய்ச்சலைப் பற்றிச் சொல்லாமல் கொடுத்த ஊர்களில் வதந்தி கிளம்பி, மாத்திரை எல்லாம் குப்பைக்குழிக்குப் போனது.

இதெல்லாம் நல்லபடியாக நடந்த கதை. எண்ணிக்கை என்று வரும்போது அம்மா பட்ட பாடு வேறு.

மாதம் ஒருமுறை ரிவ்யூ மீட்டிங் நடக்கும். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்து நர்ஸும் எழுந்து நின்று, தன் பகுதியில் எத்தனை சதவீதம் பேர் மாத்திரை சாப்பிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். 96, 97, 98 என்று வந்துகொண்டே இருக்கும். அம்மா எழுந்து 58 என்பார். மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதம் பேராவது விழுங்கினால்தான் இந்தத் திட்டத்தால் பலன் உண்டு என்பது கணக்கு. குறைந்தது ஐந்து வருடம் விடாமல் நடக்க வேண்டும். ஏனென்றால் மாத்திரை குட்டிகளைக் கொல்லும் அளவுக்குப் பெரிய புழுவைக் கொல்லாது, அது உள்ளேயே பல வருடம் உயிரோடு இருக்கும். இதெல்லாம் அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைய அதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார், "மத்தவங்க எல்லாம் தொண்ணூத்தஞ்சு தாண்டியாச்சு, உங்களுக்கு மட்டும் என்னம்மா?" மாற்றி எழுதி எடுத்துவரச் சொன்னார். அம்மா மாற்றவில்லை. மெமோ வந்தது. அதை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், அப்பா கண்ணில் படாமல்.

ஒன்றரை வருடம் கழித்து வேறொரு டாக்டர் அங்கே பொறுப்புக்கு வந்தார். சின்ன வயதுப் பெண். முதல் மீட்டிங்கிலேயே அம்மாவின் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "இது என்னம்மா, சிலது ஒத்தைக் கோடு, சிலது பெருக்கல்?" என்று கேட்டாராம். அம்மா விளக்கினார். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அடுத்த ரவுண்டில் எல்லாரும் இப்படியே போடுங்க. எவ்வளவு குறைஞ்சாலும் பரவாயில்லை, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த ரவுண்டில் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணிக்கை மடமடவென்று சரிந்தது. மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று திட்டு வாங்கியது அந்த டாக்டர்தான். "எங்க யாரையும் கைகாட்டலை" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார், சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். தலைமை என்ற சொல்லை எங்கே படித்தாலும் எனக்கு அந்த முகம் தெரியாத டாக்டர்தான் நினைவுக்கு வருகிறார். உண்மையை எழுதச் சொல்லிவிட்டு, அதற்கு விழுகிற அடியையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டவர்.

சரிந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். ஒற்றைக் கோடுகளை எல்லாம் தெருவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அம்மாவின் ஊரில் பாதிக்கு மேல் ஒரே தெருவில் இருந்தது. அந்தத் தெரு ஆண்கள் பாண்டிக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். முதல் பஸ்ஸில் ஏறினால் ராத்திரிதான் வீடு திரும்புவார்கள். பகலில் போனால் மனைவிதான் இருப்பார். எல்லாருக்குமான மாத்திரையையும் வாங்கி மாடத்தில் வைத்துவிடுவார். மாத்திரை மாடத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு மட்டும் இரவு எட்டு மணிக்குப் போக ஆரம்பித்தார்கள். எல்லாரும் 97 என்று எழுதியிருந்தால் அந்தத் தெரு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது மனசுக்குக் கஷ்டமானது. அம்மா பார்த்துவந்த ஒரு கர்ப்பிணி, ரத்த அழுத்தம் ஏறி, பிரசவத்துக்கு முன்பே வலிப்பு வந்து, பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனார். தமிழ்நாட்டில் இப்படி ஒரு தாய் இறந்தால் அந்தச் சாவை விசாரித்து எழுதுகிற நடைமுறை நெடுங்காலமாக இருக்கிறது. பிரசவமாகி 42 நாளுக்குள் இறந்தாலும் கணக்கில் வரும். அதில் மூன்று தாமதங்களைப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுக்க எவ்வளவு நேரம் போனது, போய்ச் சேர எவ்வளவு, சேர்ந்த பிறகு வைத்தியம் தொடங்க எவ்வளவு. அம்மா அதில் தன் கையால் எழுதினார்: கடைசி இரண்டு வாரம் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை, ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, வேறு ஊரில் முகாம் பணியில் இருந்தேன் என்று. ஒரு தேதியைச் சேர்த்து, 130/80 என்று ஒரு எண்ணைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. வேலை போய்விடும் என்றுதான் வீட்டில் எல்லாரும் பயந்தோம். போகவில்லை. அந்த டாக்டர் செய்தது ஒன்றுதான். அதற்கப்புறம் ஒரு நர்ஸை முகாமுக்கு அனுப்பினால் அவர் பகுதியின் எட்டு, ஒன்பது மாத கர்ப்பிணிகளின் பட்டியலைப் பக்கத்து நர்ஸிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும் என்று ஆக்கினார். இறந்தவர் திரும்பி வரமாட்டார். ஆனால் அம்மா அன்று பொய் எழுதியிருந்தால் அந்தப் பட்டியல் கைமாறுகிற வழக்கம் வந்திருக்காது.

எங்கள் மாவட்டத்துக்கு உண்மையை எழுதிவைத்தவர்களால் நிறைய நன்மை நடந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் கிராமங்களில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தவணை ஊசி போட்ட ஊர்கள்தான் அவை. அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகி வீட்டார் மறைப்பார்கள். அதிகாரிகளுக்கும் மறைக்கக் காரணம் இருந்தது, உலகமே கடலூரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மறைக்காமல் வீடு வீடாக எண்ணிப் பதிந்தார்கள். ஒன்பது மாதத்தில் போடும் ஒரு தவணை எல்லாப் பிள்ளைகளையும் காப்பாற்றாது என்பதற்கு அது ஒரு சாட்சி. 2010-இல் இந்தியாவில் இரண்டாம் தவணையும் வந்தது. முதுநகர் தாண்டி சிப்காட் ரசாயன ஆலைகளை ஒட்டிய ஊர்க்காரர்கள் அதே 2004-இல் வாளிக்குள் பிளாஸ்டிக் பையை வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று வாயால் சொன்னபோது நகராத காகிதங்கள், பரிசோதனை முடிவோடு போனபோது நகர ஆரம்பித்தன. அவர்களில் பலர் பள்ளிக்கூடப் படிப்பைத் தாண்டாதவர்கள்.

பள்ளிக்கூடம் என்றதும் என் கதைக்கு வருகிறேன்.

வகுப்பறைக் கரும்பலகையின் மூலையில் தினமும் இரண்டு எண் எழுதுவோம். பதிவு இத்தனை, வருகை இத்தனை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்ற ஒரு நாள், வகுப்பில் 32-க்கு 27 பேர்தான் வந்திருந்தார்கள். மேலேயிருந்து சொன்னார்கள் என்று நான் வருகை 31 என்று எழுதினேன். நீதிபோதனை வகுப்பு அது, வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அந்தப் பாடவேளைதான். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "டீச்சர், இருபத்தேழு பேர்தானே இருக்கோம்?" நான் உட்காரச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி ஒருமுறை பின்னால் பார்த்தாள், விரலை மடக்கி எண்ணுகிற மாதிரி. தான்தான் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று அந்தக் குழந்தை நினைத்ததுதான் என்னைக் குத்தியது. நான் அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். பிள்ளைகளின் வாசிப்பு நிலையை எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், பதிவேற்ற வேண்டும். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வான், சேர்த்துச் சொல்லாக்க வராது. 'மரம்' என்றால் ம, ர, ம் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். எண்ணிக்கை குறைகிறது என்று நச்சரித்தார்கள். அவனை 'வாசிக்கிறான்' என்று பதிந்தேன். கூடுதல் பயிற்சிக்குப் பிள்ளைகளைப் பிரித்தபோது அந்தப் பதிவை வைத்துத்தான் பிரித்தார்கள். அவன் பெயர் அதில் இல்லை. ஐந்தாம் வகுப்பில் அவனை மறுபடி பார்த்தேன். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்துப் பையன் வாயசைப்பதைப் பார்த்துத் தானும் வாயசைத்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் அவன் அந்த வித்தையைத்தான் கற்றிருக்கிறான். மாலை நேரத்தில் அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது வாசிக்கிறான். அந்த இரண்டு வருடத்தை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. "உனக்கு அந்த டாக்டரம்மா மாதிரி ஆள் அமையலை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும்தான் முதல்ல அமையலை" என்றும் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். நல்ல தலைமை கிடைத்தால்தான் உண்மை எழுத முடியும் என்றால் என்னைப் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கலாம். தனி ஆளாக எழுதச் சொல்வதும் நியாயமில்லை. மெமோவைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த அம்மாவை எனக்குத் தெரியும். இப்போது நான் எமிஸில் உள்ளதை உள்ளபடி பதிகிறேன். எங்கள் பள்ளியில் இன்னும் இரண்டு பேர் அப்படிச் செய்கிறார்கள். மூன்று பேர் என்பதால் கொஞ்சம் தைரியம்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பள்ளிக்கு ஒரு குழு வந்தது. மாத்திரைத் திட்டம் பலித்ததா என்று பார்க்க ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை. ஆறேழு வயதுப் பிள்ளைகள் ஏன் என்றால், ஊரெல்லாம் மாத்திரை போட ஆரம்பித்த பிறகு பிறந்தவர்கள் இவர்கள். இவர்கள் ரத்தத்தில் புழுவின் தடயம் இருந்தால் நோய் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அம்மாவும் மற்ற நர்ஸுகளும் நோட்டில் போட்ட கோடுகள் எல்லாம் உண்மையா என்று இந்தப் பிஞ்சு விரல்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு விரலாக நான் பிடித்துக்கொண்டேன், அன்று அம்மா பிடித்த மாதிரி. சின்னக் குழாயில் ரத்தத்தை உறிஞ்சி, அட்டையில் விட்டு, நேரத்தைக் குறித்தார்கள். சரியாகப் பத்தாவது நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு கோடு தெரிந்தால் ஒன்றும் இல்லை, இரண்டு தெரிந்தால் உண்டு. அடுத்த பள்ளிக்கு நேரமாகிறது, ஏழு நிமிஷம் ஆச்சே, ஒரு கோடுதானே தெரியுது, எழுதிடலாம் என்றார் கூட வந்தவர். அட்டை வைத்திருந்த பெண் செல்போனில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தைக் காட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். மூன்று நிமிடம் எல்லாரும் சும்மா நின்றோம். வெளியே சத்துணவுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டு தட்டை எடுக்க ஓடினார்கள்.

எல்லா அட்டையிலும் ஒரே கோடு.

அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாருக்கும் ஒரே கோடும்மா என்றேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. அப்புறம் கேட்டார்.

"இன்னைக்கு வராத பிள்ளைங்க எத்தனை பேர்?"

வகுப்புக்குள் எட்டிக் கரும்பலகையைப் பார்த்தேன். நாலு பேர் என்றேன்.

"யார் யாருன்னு எழுதி அவங்ககிட்டயே குடுத்துவிடு" என்றார் அம்மா.